நவோசு என்றால் பழுதுபார்ப்பது மட்டுமல்ல: ஜப்பானுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பெரிய விமான நிலையங்களில் இறங்கினால் வசிப்பிட அட்டையை அங்கேயே கொடுத்துவிடுவார்கள். வீடு அமைந்த 14 நாட்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துவிடுங்கள். வங்கிக் கணக்கு, சிம் கார்டு, மருத்துவக் காப்பீடு பற்றி உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் சொல்வார்கள். ஊரிலிருந்து மிக்சியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். இங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் மிக்சி முனகுமே தவிர சட்னி அரைக்காது. இதையெல்லாம் எழுத ஆள் இருக்கிறது. நான் எழுத உட்கார்ந்தது என் நண்பருக்கு நேர்ந்த ஒன்றுக்காக.

நீங்கள் சென்னையிலோ கோவையிலோ என்4, என்3 என்று மொழித் தேர்வெழுதிப் படித்தது டோக்கியோவை அடியொற்றிய பொது ஜப்பானிய மொழி. ஒசாகாவில் 'ஓகினி', 'அகான்' என்று புதுச் சொற்கள் காதில் விழும். அவற்றால் பெரிய தொல்லை கிடையாது. தெரியாத சொல்லை யாராக இருந்தாலும் கேட்டுவிடுவோம். தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போதுதான் கேட்கத் தோன்றாது.

நண்பர் கோவைக்காரர், எந்திரத் தொழிலில் கைதேர்ந்தவர். ஹிகாஷி ஒசாகாவில் சிறு சிறு பட்டறைகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். அவற்றில் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஒரு மாலை, வேலை முடிகிற நேரம். மேற்பார்வையாளர் மேசைமேல் இருந்த மைக்ரோமீட்டர் என்ற அளவுக் கருவியைக் காட்டி, "கொரே நவோஷித்தோயித்தே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 'நவோசு' என்றால் பழுதுபார்ப்பது, திருத்துவது. எல்லாப் பாடநூலிலும் அப்படித்தான் இருக்கிறது. கருவியில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, நம்மை நம்பி ஒப்படைத்திருக்கிறார் என்ற பெருமையோடு நண்பர் அதைப் பிரித்துத் துடைத்து, எண்ணெயிட்டு, பூச்சியத்தைச் சரிசெய்து வைத்தார். அது காலிபிரேஷன், அதாவது அளவு துல்லியமா என்ற சோதனை, முடித்து முத்திரை ஒட்டியிருந்த கருவி.

மேற்பார்வையாளர் சொன்னது, "இதை எடுத்த இடத்தில் வைத்துவிடு" என்று. ஒசாகாவைச் சூழ்ந்த கன்சாய் வட்டாரத்திலிருந்து கியூஷூ வரை மேற்கு ஜப்பானில் 'நவோசு' என்பதற்கு அந்தப் பொருளும் உண்டு. மறுநாள் காலை, "யார் உன்னை இதில் கைவைக்கச் சொன்னது?" என்று அவர் கேட்க, "நீங்கள்தானே" என்று இவர் சொல்ல, எதிர்த்துப் பேசுகிறவன் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. கருவி மறுபடி காலிபிரேஷனுக்குப் போனது. நண்பரின் தகுதிகாண் காலம் நீட்டிக்கப்பட்டது. காரணம் என்று எழுதியிருந்ததுதான் எனக்கு இன்றும் எரிச்சல்: ஜப்பானிய மொழியறிவு போதாது! என்3 தேறியவருக்கு. அந்தத் தேர்வில் 'எடுத்து வைப்பது' என்று விடை எழுதியிருந்தால் மதிப்பெண் கொடுத்திருப்பார்களா?

மேற்பார்வையாளரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. தான் பேசியது வட்டார வழக்கு என்பதே அவருக்குத் தெரியாது. நாடு முழுவதும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நினைத்திருக்கிறார். இப்படிப் பேசுகிறவருக்கே பிடிபடாத வழக்குகளை இங்குள்ள மொழியியலாளர்கள் 'கிசுகனாய் ஹோகென்' என்று தனியே பிரித்து ஆராய்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் "அவர் எனக்குப் பேசிப்போட்டார்", அதாவது திட்டிவிட்டார், என்று வருத்தப்பட்டால், நாம் "என்ன பேசினார்?" என்று சாதாரணமாகக் கேட்போமே, அதே கதைதான். ஆகவே யாராவது முன்கூட்டி எச்சரிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். உத்தரவு வந்ததும் இடத்தையும் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள்: "தானா நி ஷிமாய்மாசு நே", அலமாரியில் வைத்துவிடுகிறேன், சரிதானே. சந்தேகமாக இருந்தால் "ஷூரி தெசு கா" என்று கேளுங்கள். 'ஷூரி' என்றால் எங்கேயும் பழுதுபார்ப்பதுதான். திரும்பக் கேட்டால் மதிப்புக் குறையும் என்பது நம் ஊர்ப் பயம். இங்கே அதற்கு 'ககுனின்', உறுதிசெய்துகொள்வது, என்று பெயர். அதைச் செய்யாதவனைத்தான் திட்டுவார்கள்.

ஒசாகா அலுவலகத்துக்கு வருகிறவர்கள் இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். "ஹோகாஷித்தோயித்தே" என்றால் குப்பையில் போடு. "ஹோகான் ஷித்தோயித்தே" என்றால் பத்திரப்படுத்து. வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு குப்பைக்கூடையைச் சுட்டிக் காட்டிக் கேளுங்கள், வெட்கமே வேண்டாம். வடக்கே ஹொக்கைடோவிலும் தோஹொக்குவிலும் குப்பையில் போடுவதை 'நகேரு' என்பார்கள், பாடநூல்படி அதற்கு வீசி எறிவது என்று பொருள். பாட்டி குப்பைப் பையை நீட்டி அப்படிச் சொன்னால், சேர்க்கிற இடத்தில் கொண்டுபோய் வையுங்கள், எறிய வேண்டாம்.

முதியோர் பராமரிப்பு வேலைக்கு வருகிற தங்கைகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். வடக்கே ஒரு தாத்தா "கொவாய்" என்றால், பயப்படுகிறார் என்று கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். உடம்பு அசந்துபோகிறது, முடியவில்லை என்று சொல்கிறார். நகோயாவில் அதையே "எராய்" என்பார்கள். பாடநூலில் 'எராய்' என்றால் பாராட்டத்தக்கது. அவர் உங்களைப் பாராட்டுவதாக நினைத்துச் சிரித்துவிட்டுப் போகாமல், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள், செவிலியரைக் கூப்பிடுங்கள்.

சாப்பாட்டில், மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்கு: கன்சாயில் வெறுமனே 'நிக்கு' என்றால் மாட்டிறைச்சி. அதனால்தான் டோக்கியோவில் 'நிக்குமான்' எனப்படுகிற, பன்றியிறைச்சி வைத்து அவித்த பன்னுக்கு ஒசாகாவில் 'புத்தாமான்' என்று தனிப்பெயர். 'தானின்தோன்' என்ற சோற்றுக் கிண்ணத்தில் கிழக்கே பெரும்பாலும் பன்றி, மேற்கே மாடு. டோக்கியோவில் பழகிய பெயரை நம்பி ஒசாகாவில் சொல்லிவிடாதீர்கள். "கியூனிக்கு ஹைத்தே இமாசு கா", மாட்டிறைச்சி இருக்கிறதா, என்று கேட்டுவிட்டு உட்காருங்கள். சைவக்காரர்கள் பாடு எங்கே போனாலும் திண்டாட்டம்தான், சாற்றிலேயே மீன் இருக்கும்.

எல்லா ஊரும் நம்மைக் கவிழ்ப்பதில்லை. எதிரில் இருப்பவரிடம் போவதைப் பொது ஜப்பானிய மொழியில் 'இக்கு', போகிறேன், என்றுதான் சொல்ல வேண்டும். தமிழன் பழக்கத்தில் 'குரு', வருகிறேன், என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார். புகுவோக்காவில் சக ஊழியர் தொலைபேசியில் "இமா கரா குரு கென்", இதோ வருகிறேன், என்றபோது நம் தெருவில் நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

கடைசியாக நாள் கணக்கு. 'அசத்தே' நாளை மறுநாள், இதில் குழப்பமில்லை. 'ஷியசத்தே' டோக்கியோவிலும் ஒசாகாவிலும் அதற்கு அடுத்த நாள், இன்றைச் சேர்க்காமல் எண்ணினால் 3ஆம் நாள். மியே மாவட்டத்தில் 3ஆம் நாளுக்கு 'சசத்தே' என்று ஒரு சொல் இருப்பதால் ஷியசத்தே 4ஆம் நாளாகிவிடும். கிழக்கு ஜப்பானின் பல ஊர்களில் வயதானவர்களுக்கும் அது 4ஆம் நாள்தான். 3ஆம் நாளை 'யானோசத்தே' என்பார்கள். டோக்கியோவிலோ யானோசத்தே என்றால் 4ஆம் நாள். வீட்டுக்காரர் குழாயைப் பார்க்க ஷியசத்தே வருகிறேன் என்றால் "நான்நிச்சி தெசு கா" என்று தேதியைக் கேட்டு, அவர் கண்ணெதிரே நாட்காட்டியில் வட்டம் போடுங்கள். விடுப்பு எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.