பாரதக் கூத்தைப் படம்பிடித்து இணையத்தில் ஏற்றுவோரும் ஆடுவோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரதக் கதை யாருக்கும் தனிச்சொத்தல்ல என்பதால், திரௌபதி அம்மன் கோயிலில் நடக்கும் தெருக்கூத்தை யார் வேண்டுமானாலும் படம்பிடித்து யூடியூபில் ஏற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என இன்று பிரிந்திருக்கும் பழைய வடஆர்க்காட்டில் பரவலாக இருக்கிறது. கதையைப் பொறுத்தவரை அது சரிதான்; வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதத்துக்கு இன்று உரிமை கோருவார் இல்லை. ஆனால் அக்கதையை விடிய விடிய ஆடிக்காட்டும் கலைஞருக்கு, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு தனியான உரிமையொன்றை வழங்கியிருக்கிறது. அவர் ஆடுவதையும் பாடுவதையும் அவருடைய இசைவின்றிப் பதிவுசெய்து பொதுமக்கள் பார்க்க வெளியிடுவது அந்த உரிமையை மீறும் செயல். நிகழ்ச்சி நடந்ததற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 50 ஆண்டுகள் அது நீடிக்கும். நடிகர், பாடகர், இசைக்கலைஞர் ஆகியோரோடு பாம்பாட்டியையும் சட்டம் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆகவே நகரத்துச் சபா மேடைகளுக்கு உரியது, கூத்து ஆடும் களரிக்குப் பொருந்தாது என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

கோயில் விழாக்குழுவிடம் கேட்டுவிட்டோம் என்பது பலர் சொல்லும் சமாதானம். விழாக்குழு கொடுக்கும் பணம் அன்றைய இரவின் ஆட்டத்துக்கானது. அதனால் கலைஞரின் உரிமை குழுவின் கைக்கு மாறிவிடுவதில்லை. கல்யாணப் படத்தில் நிலைமை வேறு. அங்கே மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. அந்த விதியைக் கூத்துக்கும் நீட்டிப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. படம்பிடிப்பவர் ஜமா எனப்படும் கூத்துக்குழுவின் வாத்தியாரிடம் மட்டுமன்றி, வேடம் கட்டுவோர், பின்பாட்டுக்காரர், மத்தளமும் முகவீணையும் ஆர்மோனியமும் வாசிப்போர் ஆகிய எல்லோரிடமும் இசைவு பெற வேண்டும். எல்லோர் சார்பிலும் வாத்தியாரே கையெழுத்திடுவதானால், அதற்கான அதிகாரத்தை மற்றவர்கள் அவருக்கு முன்னதாகவே எழுதிக் கொடுத்திருப்பது நல்லது.

சமய விழாவில் பாட்டுப் போட அனுமதி வேண்டியதில்லையே என்ற கேள்வியும் எழும். உண்மையான சமயச் சடங்கின்போது பாடுவதற்கும் இசைப்பதற்கும் 52ஆம் பிரிவு விலக்குத் தருகிறது; அதைப் பதிவுசெய்து விளம்பர வருவாய்க்காக இணையத்தில் வைப்பதற்கு அந்த விலக்கு பொருந்தாது. சில விநாடிகள் மட்டும் எடுத்தால் குற்றமில்லை என்ற விதி நம் சட்டத்தில் எங்கும் கிடையாது. நன்றி என்று பெயர் போடுவதும் அனுமதி பெற்றதற்கு ஈடாகாது.

கலைஞர் தரப்பில் நேரும் தவறுகளே எனக்கு அதிகக் கவலை தருகின்றன. விடியற்காலையில், அரிதாரம் கலைக்கும் அலுப்பில், நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடுவது அவற்றுள் முதன்மையானது. எந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, எவ்வளவு பணம் என்ற நான்கும் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடப்படாவிட்டால் உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். இடம் குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னொரு காப்பையும் சேர்த்தது: ஒப்பந்தம் போட்ட நாளில் இல்லாத, அல்லது வணிகப் புழக்கத்துக்கு வராத ஊடகம் எதுவும், பெயர்சொல்லிக் குறிப்பிடப்பட்டிருந்தாலன்றி, அந்த ஒப்பந்தத்துக்குள் அடங்காது. நாளை வரப்போகும் தொழில்நுட்பத்துக்கும் சேர்த்து இன்றே எழுதி வாங்கிவிட முடியாதபடி செய்த இந்த ஏற்பாடு, எழுத்தாளருக்கும் கலைஞருக்கும் கிடைத்த பெரிய நன்மை என்றே கருதுகிறேன். படத்தில் சேர்க்க எழுத்தில் இசைந்த பிறகும், வணிகப் பயன்பாடு இருந்தால் உரிமத்தொகை (ராயல்டி) கேட்கும் உரிமை கலைஞருக்கு உண்டு.

பெயர் விடுபடுவதைப் பலர் பொருட்படுத்துவதில்லை. 38ஆ (38B) பிரிவின்படி, தன்னை நிகழ்த்தியவராக அடையாளம் காட்டச் சொல்லவும், தன் நற்பெயருக்குக் கேடு வரும்படி நிகழ்ச்சியைத் திரிப்பதைத் தடுக்கவும் கலைஞருக்கு உரிமை இருக்கிறது. நேரம் கருதி வெட்டிச் சுருக்குவது மட்டும் திரிபாகாது. கூத்தின் கோமாளியான கட்டியங்காரனின் பகடியிலிருந்து ஒரு வரியைப் பிய்த்து, அவர் சொல்லாத பொருளில் இழிவான தலைப்போடு ஷார்ட்ஸாகப் போட்டு அவர் பெயரைக் கெடுப்பது வேறு.

வாத்தியார் தாமே கட்டிய பாட்டுக்கும் வசனத்துக்கும் பதிப்புரிமை, எழுதிய கணத்திலேயே பிறந்துவிடுகிறது. அதை அரசிடம் பதிவுசெய்வது கட்டாயமில்லை, அவர் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் அந்த உரிமை குடும்பத்தைச் சேரும். அந்தப் பாட்டு அனுமதியின்றி இணையத்தில் ஏறிவிட்டால், தளத்தாரிடம் எழுத்து மூலம் முறையிடலாம். ஆனால் முறையீட்டோடு நின்றுவிடுவதும் தவறுதான்: 21 நாட்களுக்குள் நீதிமன்ற உத்தரவைக் காட்டாவிட்டால், நிறுத்திய காணொளியைத் தளத்தார் மீண்டும் காட்டலாம். அப்போது கையில் சான்று வேண்டும் என்பதால், பாட்டு நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் கையெழுத்தும் இட்டு, அதன் படமொன்றைத் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.