ஒற்றைப் பெற்றோர் தமக்கென நேரம் ஒதுக்குவது எப்படி? தொடக்கநிலைச் செய்முறை

வேலூர்ப் பக்கத்தில் மனைவியை இழந்த ஆணுக்குக் கருமாதி முடிவதற்குள் உறவினர் பெண் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். கணவனை இழந்தவளிடமோ மணமுறிவு பெற்றவளிடமோ அதே உறவினர்கள்தாம் "புள்ளை முகத்தைப் பார்த்துக்கிட்டு காலத்தைத் தள்ளு" என்கிறார்கள். ஆகவே குற்ற உணர்வு இருபாலாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை. ஆயினும், வாரத்தில் இரண்டு மணி நேரத்தைத் தமக்கென எடுத்துக்கொள்ளவும், விருப்பமிருந்தால் ஒருவரோடு பழகிப் பார்க்கவும் இருவருக்கும் வழி ஒன்றுதான்.

முதல் படி: உறுத்துவதை எழுதுங்கள்

ஆம்பூர், இராணிப்பேட்டைக் காலணித் தொழிற்சாலைகளுக்குக் காலையிலேயே கம்பெனி பஸ் ஏறிச் செல்லும் தாய்க்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றே மிச்சம். அன்றும் அவர் வெளியே கிளம்பினால் மனம் குத்தத்தான் செய்யும். நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்புறம் உறுத்தும் எண்ணத்தையும் வலப்புறம் அதை முதலில் சொன்னவர் யார் என்பதையும் எழுதுங்கள். "நீ இல்லன்னா புள்ளை ஏங்கிப்போயிடும்" என்பதற்கு எதிரே மாமியார் வருவார். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா" என்பதற்கு எதிரே பக்கத்து வீடு வரும். "நேத்து நீ கதை சொல்லல" என்பதற்கு எதிரே மட்டும் பிள்ளை வரும். பிள்ளை சொன்னவற்றுக்கு வழி செய்யுங்கள். மற்றவை எழுதியபடியே கிடக்கட்டும்.

இரண்டாம் படி: நேரத்தைக் குறியுங்கள்

ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை என்று நாட்காட்டியில் பிள்ளையின் கண்முன்னே குறியுங்கள். ஆயாவிடமோ நம்பிக்கையான அண்டை வீட்டாரிடமோ பிள்ளையை விட்டுச் செல்லலாம். வேலூர்க் கோட்டை அகழியோரம் நடக்கலாம், தோழியோடு அமர்ந்து பேசலாம். ரேஷன் கடைக்குப் போவது இந்தக் கணக்கில் சேராது. சொன்ன நேரத்துக்குத் திரும்புவது மிக முக்கியம்.

மூன்றாம் படி: பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள்

பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். "இன்னாத்துக்குமா நீ மட்டும் போற?" என்று பிள்ளை கேட்டதும் "ஓவர்டைம்" என்று சொல்லிவிட்டால், மறுநாளே தெருவில் யாரோ "உங்கம்மாவைக் கோட்டைகிட்ட பார்த்தேனே" என்பார்கள், அதன் பிறகு உண்மையாகவே ஓவர்டைம் இருந்தாலும் பிள்ளை நம்பாது. "சிநேகிதரைப் பார்த்துப் பேசிட்டு ஆறு மணிக்கு வந்துடுவேன், வந்ததும் சேர்ந்து தோசை சுடலாம்" என்பது போதும். பிள்ளையிடம் அனுமதி கேட்காதீர்கள். பெற்றோரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பாரத்தைப் பத்து வயதின் தலையில் வைப்பது நியாயமன்று. அழுதால் அழட்டும், அருகில் அமர்ந்து கேளுங்கள். ஆனால் திரும்பும்போதெல்லாம் பொம்மை வாங்கி வந்தால், நீங்கள் ஏதோ தவறு செய்துவிட்டு ஈடுகட்டுகிறீர்கள் என்றே அது புரிந்துகொள்ளும்.

நான்காம் படி: பழகும்போது

பிள்ளை இருப்பதையும் உங்களுக்குள்ள நேரம் குறைவு என்பதையும் முதல் பேச்சிலேயே தெரிவியுங்கள். திருமணத் தகவல் தளங்களில் பிள்ளையின் படத்தையோ பள்ளியின் பெயரையோ போடாதீர்கள். ஆள்நடமாட்டமுள்ள இடத்தில் சந்தியுங்கள். எங்கே செல்கிறீர்கள் என்பது ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். உறவு உறுதியான பிறகே பிள்ளைக்கு அறிமுகம் செய்யுங்கள், அதுவும் சற்று நேரமே. "அப்பான்னு கூப்பிடு" என்று ஒருபோதும் வற்புறுத்தாதீர்கள். அவரோடு தனியே இருக்கப் பிள்ளை தயங்கினால் அதைப் பொறாமை என்று தள்ளிவிடாமல் காரணத்தை விசாரியுங்கள். அச்சம் தரும் எதுவும் தெரியவந்தால் 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

ஐந்தாம் படி: மறுமணம் என்றால்

இந்து திருமணச் சட்டம், 1955இன் 15ஆம் பிரிவின்படி, மணமுறிவுத் தீர்ப்புக்கு மேல்முறையீடு செய்யும் காலம் கடந்த பிறகோ, செய்த மேல்முறையீடு தள்ளுபடியான பிறகோதான் மறுமணம் செய்யலாம். மறுமணம் செய்தால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்று மிரட்டுவோர் உண்டு. ஆனால் 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் (18 வயது நிரம்பாதவர்) மற்றும் காப்பாளர் சட்டம் பிள்ளையின் நலனையே முதன்மையாகக் கொள்கிறது. ஐயமிருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. கணவனை இழந்த பெண்கள், டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவு மறுமண உதவித் திட்டம் குறித்து மாவட்ட சமூக நல அலுவலகத்தில் மணநாளுக்கு முன்பே விசாரித்து, தேவையான சான்றிதழ்களைத் திரட்டி வைத்துக்கொள்ளலாம்.