வேலை போன பின் மனத்தை நிலைப்படுத்திக்கொண்டு வேறு தொழிலுக்கு மாறுவது எப்படி?

வேலையை இழந்தவரிடம் எல்லோரும் முதலில் பேசுவது பணத்தைப் பற்றித்தான். வீட்டுக்கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் கண்முன் நிற்கும்போது அந்தக் கவலை நியாயமானதே. ஆனால், ஆறு மாதச் செலவுக்குச் சேமிப்பு வைத்திருப்பவர்கள்கூட மூன்றாவது வாரத்திலேயே சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். சம்பளத்தோடு சேர்ந்து வேறு சிலவும் கைவிட்டுப் போவதே அதற்குக் காரணம்.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகிலுள்ள மரியன்தால் என்ற சிற்றூரில், ஊரே நம்பியிருந்த நெசவாலை 1930 வாக்கில் மூடப்பட்டது. அதன்பின் அங்கே சென்று மக்களின் அன்றாட வாழ்க்கையைக் கவனித்த மரீ யாஹோடா முதலிய ஆய்வாளர்கள் வியப்பான ஒன்றைக் கண்டார்கள். நேரம் ஏராளமாக இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படிப்பது குறைந்துவிட்டது. ஆண்களின் நடையே மெதுவாகி, தெருவில் காரணமின்றி நின்று நின்று போனார்கள். வீட்டுவேலை குறையாத பெண்களிடம் அந்தத் தளர்ச்சி அவ்வளவாக இல்லை. வேலை என்பது ஊதியத்தோடு, நாளுக்கு ஓர் ஒழுங்கையும், குடும்பத்துக்கு வெளியே மனிதத் தொடர்பையும், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்யும் நிறைவையும், சமூகத்தில் ஓர் அடையாளத்தையும், சும்மா இருக்க விடாத செயல்பாட்டையும் தருகிறது என்று யாஹோடா பின்னாளில் வகுத்துச் சொன்னார். இந்த ஐந்தையும் அடுத்த வேலை வரும்வரை காத்திராமல் இப்போதே மீட்கத் தொடங்கலாம். முதலில் மீட்க வேண்டியது நாளின் ஒழுங்கு.

வேலைக்குப் போன நாள்களில் எழுந்த நேரத்திலேயே எழுந்து, குளித்து, காலை பத்து மணிக்குள் வீட்டைவிட்டு வெளியேறுங்கள். போக இடம் இல்லை என்று நினைக்க வேண்டாம். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், மதுரையில் இருப்பவர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகமும், மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகமும் இருக்கின்றன. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு நடுவே உட்காரும்போது, எல்லோரும் எதற்கோ உழைத்துக்கொண்டிருக்கும் சூழல் நம்மையும் இழுத்துக்கொள்ளும். வேலை தேடுவதற்கென்று காலையில் இரண்டு மணி நேரத்தை ஒதுக்கி, அது முடிந்ததும் வேலைவாய்ப்பு இணையதளங்களையும் மின்னஞ்சலையும் மூடிவிடுங்கள். நாள் முழுவதும் அவற்றையே திறந்து திறந்து பார்ப்பது வேலை தேடுவது போலத் தோன்றினாலும், உண்மையில் அது மனத்தை அரிக்கும் காத்திருப்புதான்.

அடுத்தது வீட்டில் சொல்வது. சாப்பாட்டுப் பையோடு வழக்கம்போலக் கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு மாலையில் திரும்பும் மனிதர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அந்த நடிப்புக்குச் செலவாகும் தெம்பு வேறு எதற்கும் மிஞ்சுவதில்லை. மனைவியிடமோ கணவரிடமோ ஓரிரு நாளுக்குள் சொல்லிவிடுங்கள். பெற்றோரிடம் சில நாள் கழித்துச் சொன்னாலும் தவறில்லை. பிள்ளைகளிடம், "அப்பாவுக்கு அந்த ஆபீஸ்ல வேலை முடிஞ்சுடுச்சு, வேற வேலை தேடிக்கிட்டு இருக்கேன், உன் ஸ்கூலுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்லை" என்ற அளவில் சொன்னால் போதும். பெரியவர்கள் கதவை மூடிக்கொண்டு பேசுவதுதான் அவர்களை அதிகம் பயமுறுத்துகிறது.

உறவினர்களுக்கு ஒரே வரியில் பதில் தயாராக இருக்கட்டும். கல்யாண மண்டபத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது, "ஏம்ப்பா, இப்ப எங்க வேலை பாக்குற?" என்று பெரியத்தை கேட்காமல் விடமாட்டார். "சும்மாதான் இருக்கேன் அத்தை" என்று சொன்னால் அங்கிருந்து அறிவுரைதான் தொடரும். "அங்க ஆள் குறைச்சுட்டாங்க அத்தை, நான் இப்ப வேற லைனுக்குப் படிச்சுக்கிட்டு இருக்கேன்" என்று சொன்னால் பேச்சு பெரும்பாலும் அந்தப் படிப்பின் பக்கம் திரும்பிவிடும். இது பொய்யாகிவிடக் கூடாது என்பதற்காகவாவது ஏதேனும் ஒன்றைப் படிக்கத் தொடங்குங்கள்.

அவமான உணர்வு இத்தனையையும் மீறி வரும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014-இல் நின்றதையும், இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021-இல் அறிவித்து மறைமலைநகர் ஆலையை மூடியதையும் நினைத்துப் பாருங்கள். அந்த ஆலைகளில் நன்றாக உழைத்தவர்களுக்கும் உழைக்காதவர்களுக்கும் ஒன்றுபோலத்தான் வேலை போயிற்று. உங்கள் செயல்திறனையே காரணமாகச் சொல்லி அனுப்பியிருந்தால், அதில் எது உண்மை, எது சாக்கு என்று பிரித்துப் பார்க்கும் நிதானம் சில வாரங்கள் கழித்தே வரும். அதுவரை அந்தத் தீர்ப்பை ஒத்திவையுங்கள்.

கோபத்துக்கு எழுத்து நல்ல வடிகால். அமெரிக்காவில் வேலை இழந்த அனுபவசாலிகளில் ஒரு பகுதியினரை, அந்த இழப்பைப் பற்றிய தங்கள் உணர்வுகளைத் தினமும் இருபது நிமிடம் என்று ஐந்து நாள் எழுதச் செய்த ஆய்வு 1994-இல் வெளியானது. எழுதியவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக விண்ணப்பிக்கவும் இல்லை, அதிகமான நேர்காணல்களுக்குப் போகவும் இல்லை. ஆயினும் அவர்களுக்கு வேலை விரைவில் கிடைத்தது. பழைய நிறுவனத்தின்மீது இருந்த கசப்பு நேர்காணல் அறையில் குரலில் கசியாமல் போனதே காரணமாக இருக்கலாம் என்பது பொருத்தமான விளக்கமாகப் படுகிறது. ஆகவே, மனிதவள அதிகாரி சொன்ன சொற்கள், மடிக்கணினியையும் கழுத்திலிருந்த அடையாள அட்டையையும் கழற்றிக் கொடுத்த நிமிடம், லிஃப்டில் யாரும் முகம் பார்க்காதது என்று எதையும் விடாமல் தாளில் எழுதுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம். யாரிடமும் காட்டவும் வேண்டாம். எழுதி முடித்ததும் கிழித்துப் போட்டுவிடலாம்.

பண விஷயத்தில், அச்சத்தைக் குறைக்கும் சில காரியங்களை மட்டும் உடனே செய்யுங்கள். தானாக விலகுவதாகக் கடிதம் கேட்டால் அன்றே கையெழுத்திடாமல், படித்துப் பார்க்க ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து பணியாற்றியிருந்தால், ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உங்களுக்கு உரியது. நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு முடிந்துவிடும் என்பதால், அதைத் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ளும் வழியைக் கடைசி நாளுக்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். வருங்கால வைப்பு நிதியை முதல் பயத்தில் எடுத்துவிடாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தாலோ, குடி கூடிக்கொண்டே போனாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, அன்றே உதவி கேளுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தோடு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, எந்நேரமும் தமிழில் பேசலாம்; தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும் உண்டு.

புதிய தொழிலைப் பற்றிய முடிவை முதல் மாதத்தில் எடுக்கவே கூடாது. கணக்கு முடித்து மொத்தமாக வந்த பணத்தைக் குறிவைத்து, டீக்கடை ஃபிரான்சைஸ் முதல் பங்குச்சந்தைப் பயிற்சி வரை விற்பதற்குப் பலர் காத்திருக்கிறார்கள். அந்தப் பணம் மூன்று மாதம் வங்கியிலேயே கிடக்கட்டும். அதற்குள், பழைய பதவியின் பெயரை விட்டுவிட்டு, அதில் நீங்கள் உண்மையில் செய்த காரியங்களை எழுதிப் பாருங்கள். ஆலையில் ஷிஃப்ட் மேற்பார்வையாளராக இருந்தவர் ஆள்களைப் பிரித்து வேலை கொடுத்திருப்பார், உதிரிபாக இருப்பைக் கண்காணித்திருப்பார், இயந்திரம் நின்ற காரணத்தை அறிக்கையாக எழுதியிருப்பார், சண்டைகளைத் தீர்த்திருப்பார். கிடங்கு நிர்வாகத்துக்கும் மருத்துவமனைப் பராமரிப்புப் பிரிவுக்கும் தேவைப்படுவதும் இதுதான்.

தகவலுக்கு நெருங்கிய நண்பர்களை மட்டும் நம்ப வேண்டாம். பலர் அதிகம் பழகாத அறிமுகங்களின் வழியாகவே வேலை பெற்றார்கள் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1970-களிலேயே காட்டினார். நம் நெருங்கிய வட்டத்துக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும் அல்லவா? பழைய சப்ளையர், உடன் படித்தவர், முன்பு வேலையைவிட்டுப் போன சகா ஆகியோரை அழையுங்கள். "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க சார்" என்றால் "பாக்குறேன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "உங்க துறையைப் பத்திக் கால் மணி நேரம் பேசலாமா?" என்று கேட்டால் பெரும்பாலோர் மறுக்க மாட்டார்கள். அந்த வேலையில் மிக மோசமான நேரம் எது என்பதையும் தவறாமல் கேளுங்கள். முடிந்தால் இரண்டு நாள் கூடவே இருந்து பாருங்கள். அதன் பிறகு கட்டணப் படிப்பில் சேருவதைப் பற்றி யோசிக்கலாம். சொந்தத் தொழில் எண்ணம் இருந்தால், மாவட்டத் தொழில் மையத்தில் மானியக் கடன் திட்டங்களை விசாரித்து, அவர்கள் கேட்கும் திட்ட அறிக்கையை நீங்களே தயாரியுங்கள். கணக்கு இடிக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

சம்பளம் குறையும் என்பதை முன்கூட்டியே ஏற்று, எந்தத் தொகைக்குக் கீழே போகக் கூடாது என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள். நாற்பத்திரண்டு வயதில், இருபத்தெட்டு வயது மேலாளரிடம் வேலை கற்பது முதல் சில மாதங்களில் உறுத்தத்தான் செய்யும். "எங்க பழைய கம்பெனியில..." என்று தொடங்கும் வாக்கியத்தை அந்த மாதங்களில் வாயைவிட்டு வெளியே விடாதீர்கள். தெரியாதவற்றை ஒரு சிறு நோட்டில் குறித்துவைத்து, நாளின் முடிவில் ஒரே தடவையாகக் கேளுங்கள்; இளைய மேலாளருக்கும் நீங்கள் எதைக் கற்றுவிட்டீர்கள், எது இன்னும் வரவில்லை என்பது அதில் தெரியும்.