எஞ்சினை ஏற்ற மூன்றாவது கை இல்லாதபோது

எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு கை உதவிக்கு ஆள் தேடினால் கிடைக்காது. தோட்டத்து லயங்களில் வளர்ந்த பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். இருப்பவர்களில் பாதிப் பேர் கல்யாண வீட்டில், மீதிப் பேர் கோவிலில். ஆகவே தகரக் கொட்டகையில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்கள் எஞ்சினைத் தனியாகத்தான் இறக்குகிறோம், தனியாகத்தான் ஏற்றுகிறோம். இரண்டு பேர் இருந்தால் அது கால் மணி நேர வேலை. தனியாளுக்கு அரை நாள் ஆகும். அந்த அரை நாளைச் சுருக்கப் பார்த்துத்தான் நான் இதுவரை சிலிண்டரின் சூட்டை ஆற்றும் ஒரு செதிலையும், கிராங்க்கேஸ் என்ற எஞ்சின் அடிக்கூட்டை ஃபிரேமோடு பூட்டும் ஒரு காதையும், இடது கைச் சுட்டுவிரல் நகத்தையும் இழந்திருக்கிறேன்.

முதல் தவறு, எடையைக் கிலோவில் மட்டும் கணக்குப் போடுவது. என்னிடம் இருப்பது பி.எஸ்.ஏ. எம்20. 496 சிசி, ஒற்றைச் சிலிண்டர், வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் சைடு வால்வ் வகை. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இராணுவத்துக்காக ஒரு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய வண்டி. அழகு பார்த்துச் செய்ததல்ல, அடி தாங்கச் செய்தது. சிலிண்டர் வார்ப்பிரும்பு, உள்ளே சுழலும் ஃபிளைவீல்களும் இரும்பு. 1969இல் வந்த ஹோண்டா சிபி750 என்ற பெரிய வண்டிக்கோ எஞ்சின் மட்டுமே ஏறக்குறைய 80 கிலோ. கடையில் விற்கும் 10 கிலோ அரிசிப் பை எட்டு. அரிசிப் பையையாவது மார்போடு அணைத்துக்கொள்ளலாம். எஞ்சினில் பிடிக்க இடம் கிடையாது, எண்ணெய் வழுக்கும், செதில் உள்ளங்கையை அறுக்கும், பாரமும் ஒரு பக்கமாகவே இழுக்கும். பிரிட்டனின் வேலைப் பாதுகாப்பு அமைப்பு தரும் வழிகாட்டு அளவில், ஓர் ஆண் இடுப்பு உயரத்தில் உடலோடு ஒட்டிப் பிடித்துத் தூக்க 25 கிலோ. அதுவே தரை மட்டத்தில் 10 கிலோ. அங்கேயே கையை நீட்டிக்கொண்டு என்றால் 5 கிலோதான். எஞ்சினை ஃபிரேமுக்குள் நுழைக்கும்போது நாம் நிற்பது ஏறக்குறைய அந்தக் கடைசி நிலையில்: குனிந்து, கையை நீட்டி, போதாததற்கு இடுப்பையும் திருப்பிக்கொண்டு.

கழற்றக்கூடியதைக் கழற்றிவிட்டுத் தூக்குவதுதான் முறை. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் கியர்பெட்டி தனி. அதை எஞ்சினோடு சேர்த்துத் தூக்க வேண்டியதே இல்லை. கார்புரேட்டர், மின்சாரம் தரும் மேக்டைனமோ, சிலிண்டரின் மூடியான ஹெட், சிலிண்டர் எல்லாம் எடுத்துவிட்டால் எம்20இல் மிஞ்சுவது அடிப்பாகம் மட்டும். ஆனால் எல்லா எஞ்சினும் இதற்கு ஒத்துவராது. பி.எஸ்.ஏ. ஏ10 இரட்டைச் சிலிண்டரில் ஹெட்டைத் திரும்ப மாட்டும்போது, வால்வுகளை இயக்கும் கம்பிகளான புஷ்ராடுகளை நேராக நிறுத்துவதற்கென்றே சீப்பு மாதிரி ஒரு கருவி உண்டு. அந்த வேலையை ஃபிரேம் குழாய்க்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு செய்து பார்த்தவர்கள், அடுத்த முறை முழு எஞ்சினையே தூக்கிவிடலாம் என்று முடிவு செய்வார்கள். அந்தக் கால சிபி750இல் ஹெட்டை ஃபிரேமுக்குள் வைத்துக் கழற்றவே முடியாது. எதைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது என்பதை ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

எண்ணெய் டாங்க் காலியாகத்தானே இருக்கிறது என்று எஞ்சினைச் சாய்ப்பது அடுத்த தவறு. இந்த வண்டிகளில் எண்ணெய் தனி டாங்கில் இருக்கும். மாதக்கணக்கில் நிற்கும்போது அது பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். டாங்க் காலியாக இருக்கிறது என்றால் எண்ணெய் கீழே இருக்கிறது என்றுதான் பொருள். அடித் தகட்டைத் திறந்து வடிக்காமல் சாய்த்தால் ஒரு லிட்டருக்கும் மேல் சிமெண்டுத் தரையில் ஓடும். அதன்மேல் ரப்பர் செருப்போடு, கையில் பாரத்தோடு நிற்பவரின் கதி என்னவாகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இனி, தொங்கவிடும் விஷயம். என் செதில் போனது இங்கேதான். பழைய சமையலறையின் கூரை விட்டத்தில் ஒரு கப்பியை மாட்டி, கயிற்றை நானே இழுத்தேன். விட்டம் நாற்பது வருடமாகத் தகரக் கூரையைத் தாங்குகிறதே, ஒரு எஞ்சினைத் தாங்காதா என்ற நம்பிக்கை. நான் கணக்கில் எடுக்காதவை இரண்டு. கப்பியில் கயிற்றைக் கீழ்நோக்கி இழுக்கும்போது விட்டத்தின் மேல் விழுவது எஞ்சினின் எடை மட்டுமல்ல, நான் இழுக்கும் விசையும் சேர்ந்துதான். 60 கிலோவைத் தொங்கவிட்டால் விட்டம் தாங்குவது ஏறக்குறைய 120 கிலோ. இன்னொன்று கறையான். வெளியே வர்ணம் பளபளக்க, உள்ளே மண்ணாகிப் போன மரம் அது. சுத்தியலால் தட்டிப் பார்த்திருந்தால் சத்தமே சொல்லியிருக்கும். முழுவதும் முறியவில்லை, ஒரு சாண் இறங்கியது. எஞ்சின் சுவரில் மோதி, வார்ப்பிரும்புச் செதில் பிஸ்கட் போல உடைந்தது.

கொட்டகையில் இடம் இல்லையென்று சிலர் மரத்தடிக்குப் போகிறார்கள். ரம்புத்தான் கிளையையே நான் நம்ப மாட்டேன். பால்மரத்தின், அதாவது ரப்பர் மரத்தின், பக்கம் போகவே வேண்டாம். காற்று மழை அடித்த மறுநாள் தோட்டத்துச் சாலையில் முறிந்து கிடக்கும் பால்மரக் கிளைகளைப் பார்த்தவர்கள் அதில் ஓர் ஊஞ்சல்கூடக் கட்ட மாட்டார்கள். தரையில் நிற்கும் இரும்புச் சட்டமும், சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் ஒரு செயின் பிளாக்கும் போதும். செயின் பிளாக்கின் அருமை அது எவ்வளவு தூக்கும் என்பதில் இல்லை. சங்கிலியைக் கைவிட்டாலும் பாரம் அதே இடத்தில் நிற்கும், அதற்குள்ளேயே பிரேக் இருக்கிறது. கயிறும் கப்பியும் என்றால் கயிற்றை விட்ட நொடி பாரம் கீழே. தனியாளுக்கு இந்த ஒரு வித்தியாசமே எல்லாம்: பாரம் தானாக நிற்க வேண்டும், நம் இரு கைகளும் ஓய்வாக இருக்க வேண்டும்.

லாரியில் சாமான் கட்டும் ராட்செட் பட்டையால் எஞ்சினைத் தொங்கவிடுகிறவர்களும் உண்டு. ஏற்றும்போது ஒவ்வொரு பல்லாக ஏறும். ஆனால் இறக்க நெம்புகோலைத் திறந்தால் மொத்தமாக ஒரே தடவையில் விட்டுவிடும். அது கட்டி வைக்கச் செய்தது, இறக்கி ஏற்ற அல்ல. பட்டையைப் புகைக்குழாய் மாட்டும் கழுத்திலோ கார்புரேட்டர் வாயிலோ செதில்களிலோ சுற்றுவதும் கூடாது. கிராங்க்கேஸில் ஃபிரேமோடு பூட்டும் காதுகள் எதற்கு இருக்கின்றன? பாரத்தைத் தாங்கத்தான். அடியில் கார் ஜாக் வைப்பவர்கள், ஜாக்கின் உள்ளங்கை அளவு தலைக்கும் அலுமினிய அடிப்பாகத்துக்கும் நடுவில் ஒரு அகலமான பலகை வையுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் மேலேயே மொத்த எஞ்சினும் உட்காரும்.

செதில் உடைந்த வாரம், பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்தவர். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "ஏன் தம்பி, கனமானதைத் தூக்கி லேசானதற்குள் வைக்கிறாய்?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "ஃபிரேம் எவ்வளவு கனம்? அதைத் தூக்கி எஞ்சின் மேல் போடு" என்றார்.

சக்கரமும் ஃபோர்க்கும் இல்லாத வெற்று ஃபிரேமை ஒரு கையால் சுமந்துகொண்டு நடக்கலாம். ஒரு பழைய கார் டயரைத் தரையில் போட்டு, அதன் மேல் எஞ்சினைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். டயரை விடச் சிறந்த எஞ்சின் மெத்தையை நான் கண்டதில்லை: எந்தப் பக்கம் சாய்த்தாலும் உருளாது, எதையும் கீறாது. எஞ்சின் ஃபிரேமின் எந்தப் பக்கம் வழியாக நுழையுமோ, அந்தப் பக்கம் தரையைப் பார்க்க வேண்டும். புது வர்ணம் அடித்த ஃபிரேமாக இருந்தால் குழாய்களில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொள்ளுங்கள். இப்போது ஃபிரேமையும் அதே பக்கமாகப் படுத்த நிலையில் மேலிருந்து மெல்ல இறக்கினால், சட்டை மாட்டுவதுபோல் எஞ்சின் மேல் வந்து உட்காரும். இடித்தால் தூக்கி, கொஞ்சம் திருப்பி, மறுபடி இறக்கலாம். இருபது தடவை செய்தாலும் முதுகுக்குத் தெரியாது. இரண்டு மூன்று போல்ட்டுகளைத் தளர்வாக மாட்டிய பிறகு, மேல் குழாயைப் பிடித்து மொத்தத்தையும் நிமிர்த்த வேண்டும். இது தூக்குவது அல்ல, ஒரு விளிம்பைத் தரையில் ஊன்றி நிமிர்த்துவது. பாரத்தில் ஒரு பங்குதான் கைக்கு வரும். மறுபக்கம் சாயாமலிருக்க அங்கே முன்கூட்டியே ஒரு கட்டை வைத்திருக்க வேண்டும். அதை நான் முதல் முறை மறந்தேன். நகம் போன கதை அதுதான்.

வண்டியை முழுக்கக் கழற்ற மனமில்லாதவர்களுக்கு இந்த வழி உதவாது. அவர்கள் ஃபிரேமின் கீழ்க் குழாய் உயரத்துக்குக் கட்டைகளை அடுக்கி, எஞ்சினை அதன் மேல் ஏற்றி, பலகையில் வழுக்கி உள்ளே தள்ளலாம். ஒரு பக்கம் நெம்பிக் கட்டை, மறுபக்கம் நெம்பிக் கட்டை என்று இரண்டு அங்குலமாக உயர்த்தினால் யாரும் எதையும் தூக்க வேண்டியதில்லை. வண்டியை மட்டும் முன்னும் பின்னும் இழுத்துக் கட்டிவிடுங்கள். எஞ்சின் இல்லாத வண்டி நடு ஸ்டாண்டில் நிற்கும் சமநிலை வேறு, எஞ்சின் ஏறிய பின் வேறு.

எஞ்சின் உள்ளே போய்விட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துத்தான் கிராங்க்கேஸ் காதை உடைத்தேன். முன்பக்கத் தகட்டுக்கும் காதுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி இருந்தது. அங்கே ஒரு வாஷர் இருந்திருக்க வேண்டும்; கழற்றும்போது அது எங்கோ உருண்டிருக்கிறது. இறுக்கினால் ஒட்டிக்கொள்ளும் என்று ஸ்பேனரை இழுத்தேன். தகடு வளையவில்லை. அலுமினியம் 'டிக்' என்றது. அவ்வளவு சின்னச் சத்தம். ஈப்போவில் வெல்டிங் செய்து, மீண்டும் துளையிட்டு வாங்க ஒரு மாதம் ஆனது. இடைவெளி இருந்தால் அதை வாஷரால் நிரப்ப வேண்டும், போல்ட்டால் மூடக் கூடாது. எல்லாப் போல்ட்டுகளையும் தளர்வாக மாட்டி, எஞ்சின் தானாக அமர்ந்த பிறகே ஒவ்வொன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசித் துளை நேராகவே வராது. அப்போது துளை நேராக இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கத் தோன்றும். கூர்நுனிக் கம்பியை விடுங்கள். கம்பி நசுங்கினால் கடையில் வேறு வாங்கலாம்.

கழற்றும்போதே ஒவ்வொரு போல்ட்டையும் அதன் வாஷர்களோடு மாட்டி, அட்டையில் குத்தி, இடத்தை எழுதிவைப்பது என் இப்போதைய வழக்கம். எஞ்சின் உட்கார்ந்த பிறகு நுழையாத நீளப் போல்ட் எது, முன்பே பல்சக்கரத்தில் போட்டிருக்க வேண்டிய சங்கிலி எது என்பதும் அந்த அட்டையிலேயே இருக்கும். காதுகளில் புது வர்ணத்தைச் சுரண்டி உலோகம் தெரிய வைக்கவும் மறக்க வேண்டாம். வர்ணம் தடித்திருந்தால் போல்ட் அதன் மேல்தான் இறுகி நிற்கும், ஓட ஓட வர்ணம் நசுங்கித் தளரும். சிலவற்றில் மின்சுற்றுக்கும் எர்த் கிடைக்காது.

முதல் முறை உதைப்பதற்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, டாங்குக்கு எண்ணெய் திரும்பி வருகிறதா என்று பார்க்கும்வரை மெதுவாக உதையுங்கள். பிறகு கோலகங்சார்வரை போய் வாருங்கள். திரும்பி வந்து எஞ்சின் ஆறியதும் பூட்டு போல்ட்டுகள் எல்லாவற்றையும் இன்னொரு முறை ஸ்பேனரால் தொட்டுப் பாருங்கள். என் வண்டியில் முன்பக்கக் கீழ் நட் இன்னும் கால் சுற்று இறுகியது.