மாதிரிக் கப்பலில் கயிற்று ஏணி கட்டும்போது

ஹெச்.எம்.எஸ். விக்டரி போன்ற பழைய போர்க்கப்பல்களின் மாதிரியைச் செய்பவர்கள் பலரும் திணறுவது, பாய்மரத்தின் இருபக்கமும் ஏணிபோல் ஏறும் கயிறுகளில்தான். உடல்பகுதியைப் பளபளவென முடித்துவிட்டு இங்கே கோட்டைவிடுவார்கள்.

முதலில் மரத்தைத் தாங்கும் செங்குத்துக் கயிறுகள் (ஷ்ரௌட்). வலப்பக்கம் ஒரு ஜோடி, இடப்பக்கம் ஒரு ஜோடி என மாற்றி மாற்றிக் கட்டுங்கள். ஒரே பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் சாய்ந்துவிடும்.

அடுத்து குறுக்குப் படிகள். நிஜக் கப்பலில் இவற்றுக்கிடையே சுமார் 13 முதல் 15 அங்குலம் இருக்கும்; 1:96 அளவில் (நிஜத்தில் 96-இல் ஒரு பங்கு) அது 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கண்மதிப்பை நம்பாமல், கோடு போட்ட தாளைக் கயிறுகளுக்குப் பின்னால் செருகிக்கொண்டு கட்டுங்கள். இரு ஓரக் கயிறுகளுக்கு இடைப்பட்ட செங்குத்துக் கயிறுகளில் க்ளோவ் ஹிட்ச் (இருமுறை சுற்றிப் போடும்) முடிச்சு. இழுத்து இறுக்கவே கூடாது. இறுக்கினால் ஏணி உடுக்கைபோல் இடை சிறுத்துவிடும். அதைச் சரிசெய்ய அவிழ்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நூலைத் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்தால் பிசிறு அடங்கும். முடிச்சுக்குத் தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு சொட்டு போதும். சூப்பர் க்ளூ வேண்டாம்: நூல் விறைத்து ஒடியும், வெள்ளைப் படலமும் பூக்கும்.

நிறம்? மரத்தைத் தாங்கும், தார் பூசிய நிலைக்கயிறுகளுக்குக் கருப்பு அல்லது அடர்பழுப்பு, பாயை இயக்கும் கயிறுகளுக்கு வெளிர்பழுப்பு. கிட்டில் வரும் பளிச் வெள்ளை நூலைத் தையல் பெட்டிக்கு அனுப்பிவிடுங்கள்.