காற்றுக்குப் போகும் யூனிட்டுகள்: எலெக்ட்ரிக் பிக்கப்பில் நெடும்பயணத்துக்குக் கணக்குப் போடுவது எப்படி

என் பிக்கப்பின் டாஷ்போர்டு பெட்டியில் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. நான் மரச்சாமான் செய்கிறவன். மேசை, கட்டில், அலமாரி என்று செய்து முடித்ததை நானே வண்டியில் ஏற்றி, வாடிக்கையாளர் வீட்டு வாசல் வரை கொண்டுபோய் இறக்குவேன். ஒவ்வொரு நீண்ட ஓட்டத்துக்கும் அந்த நோட்டில் ஒரு வரி எழுதுவேன். தூரம், ஓட்டிய வேகம், வெளியே எத்தனை டிகிரி, காற்று எந்தப் பக்கம், சுமை எப்படி, கடைசியில் 100 கி.மீ.க்கு எத்தனை யூனிட் செலவு.

இந்தப் பழக்கம் முதல் குளிர்காலத்தில் வந்தது. அன்று போக வேண்டிய தூரம் 340 கி.மீ. புறப்படும்போது திரை 480 கி.மீ. போகும் என்று காட்டியது. வெளியே உறைநிலைக்கு 5 டிகிரி கீழே. பின்னால் ஓர் அலமாரி, செங்குத்தாக நிற்க வைத்துக் கட்டியது. எதிரே நல்ல காற்று. 100இல் ஓட்டினேன். 200 கி.மீ. தாண்டியபோது பேட்டரியில் கால்வாசிதான் மீதி. சார்ஜர் தேடி ஒதுங்கி, குளிரில் மெதுவாக ஏறும் பேட்டரியைப் பார்த்துக்கொண்டு நின்று, இருட்டிய பிறகுதான் அலமாரியை இறக்கினேன். வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. திரை காட்டிய 480 என்பது முந்தைய வாரம் முழுக்க ஊருக்குள் மெதுவாக ஓட்டியதை வைத்து அது போட்ட கணக்கு. நாளைய காற்று அதற்குத் தெரியாது.

அதனால் முதல் வேலையாக, மீதி கிலோமீட்டர் காட்டும் எண்ணை நம்பித் திட்டம் போடுவதை விடுங்கள். திரையில் 100 கி.மீ.க்கு எத்தனை கிலோவாட்-மணி என்று காட்டும் எண் இருக்கும். ஒரு கிலோவாட்-மணி என்பது நம் கரண்ட் பில்லில் வரும் ஒரு யூனிட்தான். அந்த எண்தான் முக்கியம். பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய யூனிட்டை அந்த எண்ணால் வகுத்து 100ஆல் பெருக்கினால் உண்மையான தூரம் வந்துவிடும்.

நிறுவனங்கள் விளம்பரத்தில் சொல்லும் எண்ணும் பொய்யில்லை, ஆனால் அது வேறு கேள்விக்கான விடை. 2022இல் வந்த ஃபோர்டு எஃப்-150 லைட்னிங்கின் பெரிய பேட்டரி வண்டிக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் எண் 320 மைல், அதாவது 515 கி.மீ. அந்த முகமையின் அடிப்படை நெடுஞ்சாலைச் சோதனையில் சராசரி வேகம் சுமார் 77 கி.மீ., உச்ச வேகமே 96 கி.மீ.தான். கிடைத்த விடையில் வழக்கமாக ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்து, ஊருக்குள் ஓடும் ஓட்டத்தையும் சேர்த்துத்தான் வெளியிடுகிறார்கள். அப்படியும், மணிக்கு 120இல் நிறுத்தாமல் ஓடும் ஒருவருக்கு அந்த எண் கிடைக்காது.

வேகம்

எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வண்டி ஓடும்போது முக்கியமாக இரண்டு தடைகள். ஒன்று டயர் உருளும் தடை. அது எடையைப் பொறுத்தது, வேகத்தோடு பெரிதாக மாறாது. இன்னொன்று காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். 100இலிருந்து 120க்குப் போனால் வேகம் 20 சதவீதம் கூடுகிறது, காற்றுத் தடையோ 44 சதவீதம் கூடுகிறது. பிக்கப்பின் முகம் உயரம், அகலம், பின்னால் திறந்த பெட்டி. அதனால் காருக்குச் சொல்லும் கணக்கை அப்படியே இதற்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே காற்றின் பங்கு பெரியது.

என் நோட்டின்படி, காற்றில்லாத, வெயில் கடுக்காத நாளில், சமதளச் சாலையில், காலிப் பெட்டியோடு 80இல் ஓட்டினால் 100 கி.மீ.க்கு 20 யூனிட். 90இல் 23. 100இல் 26. 120இல் 34. என் பேட்டரியில் பயன்படுத்தக்கூடியது 120 யூனிட். ஆக அதே வண்டி, அதே பேட்டரி, 80இல் 600 கி.மீ., 100இல் 460, 120இல் 350. உங்கள் வண்டியின் எண்கள் வேறாக இருக்கும், ஏறும் விதம் இப்படித்தான் இருக்கும். அமைதியான ஒரு நாளில் ஒரே சாலையில், ஒவ்வொரு வேகத்திலும் 20 கி.மீ. போய், அதே 20 கி.மீ. திரும்பி வந்து, உங்களுக்கென்று இந்த நான்கு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேலை, வருடக்கணக்கில் உதவும்.

காற்று

வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் மனக்குறை. ஸ்பீடோமீட்டர் காட்டுவது சாலைக்கும் வண்டிக்கும் உள்ள வேகம். பேட்டரிக்குக் கணக்கு, காற்றுக்கும் வண்டிக்கும் உள்ள வேகம். 100இல் போகும்போது எதிரே 30 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால், காற்றைப் பொறுத்தவரை நீங்கள் 130இல் போகிறீர்கள். தடை 69 சதவீதம் கூடுகிறது. என் வண்டியில் 26 யூனிட் 38 ஆகிவிடும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் இருந்தால் 17தான். போனதும் வந்ததும் சேர்த்தால் சராசரி 27.5. அதாவது எதிர்க்காற்று எடுத்துக்கொண்டதைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தருவதில்லை. பக்கக் காற்றும் சும்மா விடாது, வண்டி காற்றைச் சாய்வாக வெட்ட வேண்டியிருப்பதால் அதற்கும் கொஞ்சம் போகும்.

நான் வைத்திருக்கும் எளிய கணக்கு: 100இல் ஓட்டும்போது, ஒவ்வொரு 10 கி.மீ. எதிர்க்காற்றுக்கும் 4 யூனிட் கூட்டு. வானிலை அறிக்கையில் வரும் காற்று வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. சாலை மட்டத்தில் அது குறைவாகத்தான் இருக்கும். அதனால் அறிக்கை சொல்வதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்வேன். மரமோ கட்டடமோ இல்லாத திறந்த வெளியில் நீளமாகப் போகும் சாலை என்றால் முழுதாகவே எடுத்துக்கொள்வேன்.

குளிர்

குளிர் ஒரே நேரத்தில் பல பக்கமிருந்து எடுக்கும். முதலாவது, குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோ. உறைநிலையில் 1.29. உறைநிலைக்கு 20 டிகிரி கீழே போனால் 1.39. அதே வேகத்துக்கு அவ்வளவு அதிகக் காற்றைத் தள்ள வேண்டும். இரண்டாவது, டயர் ரப்பர் விறைத்துப்போகும், உள்ளே காற்றழுத்தமும் இறங்கும். ஏறக்குறைய 5.5 டிகிரி குறைந்தால் 1 பிஎஸ்ஐ. இலையுதிர் காலத்தில் சரிபார்த்த டயர் கடுங்குளிரில் 5 பிஎஸ்ஐ குறைந்திருக்கும். குளிர் தொடங்கியதும் காலையில், வண்டி ஓடுவதற்கு முன், அழுத்தத்தைப் பாருங்கள்.

மூன்றாவது ஹீட்டர். பெட்ரோல் வண்டியில் எஞ்சின் வீணாக்கும் சூட்டில் உள்ளே இதமாக இருக்கும். மின்வண்டியில் அந்தச் சூட்டையும் பேட்டரியிலிருந்துதான் வாங்க வேண்டும். மின்சுருள் ஹீட்டர் 3 முதல் 5 கிலோவாட் வரை இழுக்கும். 100இல் ஓடினால் 4 கிலோவாட் ஹீட்டர் 100 கி.மீ.க்கு 4 யூனிட் எடுக்கும், நெரிசலில் 50இல் ஊர்ந்தால் அதே தூரத்துக்கு 8. ஹீட் பம்ப் (வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்து உள்ளே தரும் கருவி) உள்ள வண்டி அதே சூட்டை இதில் பாதிக்கும் குறைவான மின்சாரத்தில் தரும், கடுங்குளிரில் மட்டும் அதன் லாபம் குறையும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்குங்கள். லைட்னிங்கில் 2024 மாடலிலும், ரிவியன் நிறுவனத்தின் ஆர்1டி மின் பிக்கப்பில் 2025 மாடலிலும்தான் ஹீட் பம்ப் வந்தது. இருக்கைச் சூடும் ஸ்டீயரிங் சூடும் சில நூறு வாட்டுக்குள் அடங்கிவிடும். தனியாக ஓட்டும் நாட்களில் அவற்றைப் போட்டுக்கொண்டு உள்வெப்பத்தை 18 டிகிரியில் வைக்கிறேன்.

நான்காவது பேட்டரியே. குளிரில் அதன் உள்மின்தடை கூடும். பிரேக் அழுத்தும்போது திரும்பி வர வேண்டிய மின்சாரத்தையும், ஃபாஸ்ட் சார்ஜரின் வேகத்தையும் வண்டி தானே கட்டுப்படுத்தும். குளிர்ந்த பேட்டரி செல்லுக்குள் வேகமாக மின்சாரம் ஏற்றினால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல்லைக் கெடுக்கும், அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு. இதற்கு ஒரே மருந்து, புறப்படுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே, சார்ஜரில் செருகியபடி வண்டியைச் சூடாக்குவது. அப்போது செலவாவது வீட்டு மின்சாரம், பேட்டரி முழுதாக இருக்கும். வழியில் ஃபாஸ்ட் சார்ஜருக்குப் போகும்போதும் வண்டியின் வழிகாட்டியில் அந்த இடத்தைக் குறித்துவிட்டால், பெரும்பாலான வண்டிகள் போகிற வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கத் தொடங்கும்.

எல்லாம் சேர்த்து, உறைநிலையை ஒட்டிய நாளில் 100 கி.மீ.க்கு 5 யூனிட் கூட்டுகிறேன். அதற்கும் கீழே போனால் 6, 7.

வெயில் இவ்வளவு கடுமை இல்லை. ஏசி உள்ளறையைக் குளிர்வித்து முடித்தபின் ஒன்றிரண்டு கிலோவாட்டில் நின்றுவிடும். வெப்பக் காற்று லேசாக இருப்பதால் அதில் கொஞ்சம் திரும்பி வரும். மழையில், சாலையில் நிற்கும் நீரை டயர் ஒவ்வொரு சுற்றிலும் பிளந்து தள்ள வேண்டும். சாதாரண மழைக்கு 2 யூனிட், தண்ணீர் தேங்கி நின்றால் 3. கனமழையில் எப்படியும் வேகத்தைக் குறைக்க வேண்டும், அதுவே அந்தச் செலவை ஈடுகட்டிவிடும்.

சுமையில் எடையை விட உருவம்தான் பெரிது. அந்த முதல் குளிர்காலத்தில் அலமாரி நின்றுகொண்டு போனபோது 100 கி.மீ.க்கு 44 யூனிட் ஆனது. பிறகொரு நாள், அதே அளவு அலமாரி, அதே அளவு குளிர். படுக்க வைத்து, மேலே தார்ப்பாயை இறுக்கிக் கட்டி, 90இல் ஓட்டினேன். காற்றும் அடங்கியிருந்தது. 29 யூனிட்தான். கூரைக்கு மேலே எதுவும் நீட்டிக்கொண்டு நிற்காமல் ஏற்றுங்கள். பின்கதவைத் திறந்து வைத்தால் காற்று சுலபமாகப் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். மூடிய பெட்டிக்குள் காற்று சுழன்று ஒரு மெத்தைபோல நிற்கும், மேலே வரும் காற்று அதன் மீது வழுக்கிப் போகும். திறந்தால் அந்த மெத்தை கலைந்துவிடும். மூடியே வையுங்கள். உயரமான டிரெய்லர் இழுத்தால் ஒரே சார்ஜில் போகும் தூரம் பாதியாகும் என்று வைத்தே திட்டமிடுங்கள். மலை ஏற வேண்டியிருந்தால் அதையும் தனியே கூட்டுங்கள். 3 டன் வண்டி 1000 மீட்டர் ஏற 8 யூனிட்டுக்கு மேல் ஆகும், இறங்கும்போது அதில் பெரும்பகுதி திரும்பும்.

சரி, புறப்படுவதற்கு முந்தைய நாள் இரவு

நோட்டிலிருந்து ஓர் உதாரணம். தூரம் 300 கி.மீ. வெளியே 2 டிகிரி, மழை, எதிர்க்காற்று 20 கி.மீ. என்று அறிக்கை. 100இல் ஓட்ட அடிப்படை 26. காற்றில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்தால் 5. குளிருக்கு 5. மழைக்கு 2. மொத்தம் 38. 300 கி.மீ.க்கு 114 யூனிட். என்னிடம் இருப்பது 120. நான் வழக்கமாக 15 சதவீதம், அதாவது 18 யூனிட் கையிருப்பு வைப்பேன், ஏனென்றால் போய்ச் சேரும் இடத்தில் சார்ஜர் வேலை செய்யாமல் போகலாம். அப்படியானால் செலவழிக்கக் கூடியது 102. 90இல் ஓட்டினால் அடிப்படை 23, காற்றின் பங்கும் கொஞ்சம் குறையும். ஆக 100 கி.மீ.க்கு 34, மொத்தம் சரியாக 102. ஆக 90இல் நிற்காமல் போகலாம், அல்லது 100இல் ஓட்டி நடுவில் ஒருமுறை சார்ஜ் போடலாம். அன்று நான் 90ஐத் தேர்ந்தெடுத்தேன்.

மெதுவாகப் போவதுதான் எப்போதும் புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன். நல்ல வானிலையில் 400 கி.மீ. போக 120இல் 3 மணி 20 நிமிடம், 136 யூனிட். 100இல் 4 மணி நேரம், 104 யூனிட். வேகமாகப் போனால் 40 நிமிடம் மிச்சம், ஆனால் 32 யூனிட் அதிகம், அதற்கு நிற்க வேண்டும். 100 கிலோவாட்டில் ஏற்றும் சார்ஜரில் அது 20 நிமிடம், ஒதுங்கிச் செருகி மீண்டும் சாலைக்கு வர இன்னொரு 10. பத்து நிமிட லாபம். அதே இடத்தில் 50 கிலோவாட் சார்ஜர் இருந்தால் 38 நிமிடமும் அந்தப் பத்தும் சேர்ந்து எட்டு நிமிட நஷ்டம். ஆகவே வேகத்தை முடிவு செய்வதற்கு முன் வழியிலுள்ள சார்ஜரின் திறனைப் பாருங்கள். சாலையின் வேக வரம்பு இதற்கெல்லாம் மேலே. வழியில் ஏற்றும்போது 80 சதவீதத்தில் கழற்றிவிடுங்கள். அதற்கு மேல் ஏறும் வேகம் நன்றாகக் குறைந்துவிடும்.

புறப்பட்டதும் பயண மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் 50 கி.மீ. முடிந்ததும் பாருங்கள். நீங்கள் போட்ட எண்ணை விட 3 யூனிட்டுக்கு மேல் அதிகமாக இருந்தால், அப்போதே 10 கி.மீ. வேகத்தைக் குறையுங்கள். 300 கி.மீ. பயணம் என்றால் மீதி 250 கி.மீ. முழுக்க அந்தக் குறைப்பு வேலை செய்யும். கடைசி 40 கி.மீ.யில் குறைத்தால் பெரிதாக எதுவும் திரும்பாது. முன்னால் போகும் லாரியின் பின்னால் ஒட்டிப் போய் காற்றை மிச்சம் பிடிக்கும் வேலை மட்டும் வேண்டாம். பலன் கிடைக்கும் அளவுக்கு நெருங்கினால் பிரேக் பிடிக்க இடம் இருக்காது.

போய்ச் சேர்ந்ததும் நான் முதலில் செய்வது, வண்டியின் சூடு ஆறுவதற்குள் சார்ஜரைச் செருகுவது. அப்புறம் நோட்டை எடுத்து அன்றைய வரியை எழுதுகிறேன். போட்ட கணக்கு ஒரு பக்கம், வந்த எண் பக்கத்தில். அலமாரி இறக்குவது அதற்குப் பிறகுதான்.