‘பை’ என்றால் ‘ஆல்’ மட்டும்தானா?

ஆங்கிலத்தில் ‘பை’ என்னும் சின்னஞ்சிறு சொல்லை நாம் பெரும்பாலும் பள்ளியில், செயப்பாட்டு வினைப் பயிற்சியில்தான் முதலில் சந்திக்கிறோம். அதன் பொருள் ‘ஆல்’ என்று அங்கே மனத்தில் பதிந்துவிடுவதிலிருந்தே பாதித் தவறுகள் தொடங்குகின்றன. தமிழின் மூன்றாம் வேற்றுமை உருபான ‘ஆல்’ செய்தவரையும் குறிக்கும், கருவியையும் குறிக்கும். ‘வாழைத்தார் அண்ணனால் கத்தியால் வெட்டப்பட்டது’ என்னும்போது, ஆங்கிலத்தில் அண்ணனுக்குத்தான் ‘பை’. கத்திக்கு ‘வித்’ வர வேண்டும்.

பயணத்திலும் கவனம் தேவை. ‘பை பஸ்’, ‘பை டிரெயின்’ சரி. ‘பை வாக்’ தவறு. நடந்து வந்ததைச் சொல்ல ‘ஆன் ஃபுட்’ உண்டு.

மிகுந்த சங்கடம் தருவது காலக்கெடு. ‘பை ஃப்ரைடே’ என்பது வெள்ளிக்கிழமைக்குள். ‘அன்டில் ஃப்ரைடே’ என்பது வெள்ளிக்கிழமை வரை. தமிழில் ‘குள்’ளையும் ‘வரை’யையும் ஒருநாளும் குழப்பிக்கொள்ளாத நாம், ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறுகிறோம். மாலை ஐந்து மணி வரை அலுவலகத்தில் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் ‘பை ஃபைவ்’ என்று எழுதினால், படிப்பவர் அவர் ஐந்துக்குள் வந்துசேர்வார் என்றே புரிந்துகொள்வார். எழுதியவர் கிளம்பும் நேரத்தில் படித்தவர் வந்து நிற்பார்.

பணக் கணக்கில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும். 10,000 ரூபாய் வாடகை ‘பை 2,000’ குறைந்தால் நீங்கள் கொடுக்க வேண்டியது 8,000. ‘டு 2,000’ குறைந்தால் வெறும் 2,000. முன்னது ‘2,000 ரூபாய் குறைந்தது’, பின்னது ‘2,000 ரூபாயாகக் குறைந்தது’. அந்த ஓர் ‘ஆக’வை மொழிபெயர்ப்பில் தவறவிட்டால், 20 விழுக்காடாகக் குறைந்த விலை வெறும் 20 விழுக்காடு குறைந்ததாக ஆகிவிடும்.

அருகில் என்பதும் இச்சொல்லின் பழைய பொருள்களில் ஒன்று. ஊருக்குள் நுழையாமல் ஓரமாகப் போகும் பைபாஸ் சாலையில் அதன் சாயல் இருக்கிறது. ‘10 பை 12 அறை’ என்று நீள அகலம் சொல்வதும் எங்கும் செல்லும். ஆனால் நம் உணவகங்களில் சர்வ சாதாரணமாகக் கேட்கும் ‘ஒன் பை டூ சூப்’ லண்டனில் எடுபடாது. ஒரு சூப்பும் கூடுதலாக ஒரு கிண்ணமும் வேண்டும் என்று அங்கே விளக்கித்தான் கேட்க வேண்டும்.